மறு: ஓவர்டப் – மேற்பதிவா, உடன்பதிவா?

> நாம் தமிழாக்கும் டெக்னிக்கல் கிராமி (ஒலிப்பதிவுத் தொழில்நுட்பத்துக்கான அமெரிக்க இசை விருது) பெற்றவர்கள் பட்டியலில் கிதார் கலைஞர் லெஸ் பால் (2001) குறிப்பு மட்டும் பாக்கி. ஓவர்டப்புக்கு (பதிந்த ஒலியோடு இன்னொன்றைச் சேர்த்துப் பதிவதற்கு) 'மேற்பதிவு' என்று போட்டு முடித்துவிடலாமா?

ஐயா, கொஞ்சம் பொறுங்கள். கேசட்டோடு வளர்ந்தவர்களுக்கு 'மேலே பதிவது' என்றால் பழைய பாட்டு போச்சு என்றுதான் பொருள். அப்பாவின் நாதஸ்வரக் கேசட்டில் கிரிக்கெட் வர்ணனையைப் பதிந்து அடி வாங்கியவன் சொல்கிறேன். ஓவர்டப்பில் பழையது போகக்கூடாது. அதைக் கேட்டுக்கொண்டேதான் புதியதை வாசிக்க வேண்டும்.

பாடகர் பிங் கிராஸ்பி கொடுத்த ஆம்பெக்ஸ் 300 டேப் இயந்திரத்தில், பழையதை அழிக்கும் ஹெட்டுக்கு (நாடாவைத் தொடும் காந்த முனைக்கு) முன்னால், பதிந்ததை ஒலிக்கச் செய்யும் இன்னொரு பிளேபேக் ஹெட்டைப் பொருத்தினார் லெஸ் பால். ஓடும் நாடா முதலில் அதைத் தொடும், பழைய ஒலி காதில் விழும். அடுத்த ஹெட் அதை அழிக்கும். கடைசி ஹெட், பழையதையும் அப்போது வாசித்த கிதாரையும் கலந்து அதே நாடாவில் எழுதும். பத்தாவது முறை, அவரோடு பாடிய மனைவி மேரி ஃபோர்டு ஒரு சுரம் பிசகினால் முந்தைய ஒன்பதும் காலி!

இந்த முறைக்கு 'குழைப்பதிவு' என்பேன். சோறும் குழம்பும் பிசைந்த மாதிரிதான், பிறகு பிரிக்க முடியாது. 1957-இல் ஆம்பெக்ஸ் அவருக்குச் செய்து கொடுத்த எட்டு டிராக் இயந்திரம் வேறு: ஒவ்வொன்றும் தனித் தடம், பிசகியதை மட்டும் மறுபடி பதியலாம். அது 'பல்தடப் பதிவு'. இரண்டுக்கும் பொதுவான செயல், முன்பு பதிந்ததோடு சேர்ந்து வாசிப்பது. ஆகவே ஓவர்டப்புக்கு 'உடன்பதிவு'.

> 'உடன்' என்றால் உடனடி என்று படித்துவிட மாட்டார்களா?

உடன்பிறப்பை யாரும் உடனடிப் பிறப்பு என்று படிப்பதில்லையே அக்கா! 'டப்பிங்' வேண்டவே வேண்டாம். நம் ஊரில் அது நடிகருக்குக் குரல் கொடுப்பது.

சரி, இதைவிடப் பெரிய வம்பு 2013 குறிப்பில் இருக்கிறது. மின்னிசைக் கருவி வடிவமைப்பாளர்கள் இகுதாரோ ககேஹாஷி, டேவ் ஸ்மித் இருவருக்கும் இதே விருதை மிடிக்காக (MIDI, மின்னிசைக் கருவிகளும் கணினிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொது முறை) கொடுத்தார்கள். தமிழில் மிடி என்றால் வறுமை. 'மிடியை உருவாக்கியதற்காக விருது' என்று எழுதியிருக்கிறோம். யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.