கடை பிராண்டு ஷாம்பு, பேஸ்ட், க்ரீம்: எதைத் துணிந்து மாற்றலாம்?

செண்பகம்:
வணக்கம். வீட்டில் ஐந்து பேர். குளியலறைச் சாமான்களுக்கே மாதாமாதம் நிறையப் போகிறது. நாங்கள் வாங்கும் கடையில் பெரிய கம்பெனிப் பொருள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே கடையின் சொந்தப் பெயரில் இன்னொன்று இருக்கிறது, விலையும் நன்றாகக் குறைவு. "எல்லாம் ஒரே ஃபேக்டரியில் செய்வதுதான், லேபிள் மட்டும் வேறு" என்கிறார் கணவர். முகத்துக்குப் போடுவதில் சிக்கனம் பார்க்காதே என்கிறார் மாமியார். மகளுக்குத் தோல் சட்டென்று சிவந்து அரிக்கும், எனக்கு அதுதான் பயம். ஷாம்பு, பேஸ்ட், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன், பெட்ரோலியம் ஜெல்லி, இவற்றில் எதை மாற்றலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப்_பாரி:
சகோதரி, பிறர் பெயரில் க்ரீம், ஷாம்பு தயாரித்துக் கொடுக்கும் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு லேபில் வெகுகாலம் இருந்தவன் நான். உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. ஒரே தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேருக்கும் சரக்குப் போவதுண்டு. ஆனால் ஃபார்முலா ஒன்று என்று அதற்கு அர்த்தமில்லை. ஒருவருடைய லோஷன் முடிந்ததும் தொட்டியைக் கழுவிவிட்டு அடுத்தவருடையதைக் கலக்குவோம். ஃபார்முலாவும் செலவு வரம்பும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் எங்கே செய்தது என்பதை விட்டுவிட்டு, பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

பெட்ரோலியம் ஜெல்லிக்கு யோசிக்கவே வேண்டாம். சுத்திகரித்த வெள்ளைப் பெட்ரோலாட்டம் ஒன்றுதான் அதில் இருக்கிறது. மருந்துத் தரம் என்று போட்டு, வாசனை சேர்க்காமல் இருந்தால், யார் பெயர் ஒட்டியிருந்தாலும் தோலின் ஈரத்தைக் காக்கும் வேலையை ஒரே மாதிரி செய்யும்.

பேஸ்ட்டில் ஃப்ளோரைடைப் பாருங்கள். வழக்கமான பேஸ்ட்டில் 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கும். கூடவே தேய்ப்புப் பொடி எது என்றும் பார்க்க வேண்டும். கால்சியம் கார்பனேட் என்றால், ஃப்ளோரைடு சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட்டாக இருப்பது நல்லது. வெறும் சோடியம் ஃப்ளோரைடாக இருந்தால் கால்சியம் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பல்லுக்குப் போகவிடாது. சோடியம் ஃப்ளோரைடோடு சேர்வது சிலிக்கா. இந்த ஜோடி பொருந்தினால் கடை பிராண்டையே தாராளமாக எடுங்கள். ஃப்ளோரைடே இல்லாத பேஸ்ட்டை, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், நான் வீட்டுக்கு வாங்கமாட்டேன்.

ஷாம்புதான் சிக்கல். உட்பொருள் பட்டியல் பல நாடுகளில் அதிக அளவில் தொடங்கிக் குறைவை நோக்கிப் போகும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். முன்பக்கம் படம் போட்டிருக்கும் எண்ணெயும் பூச்சாறும் பல பாட்டில்களில் இந்தக் கடைசிக் கூட்டத்தில்தான் கிடக்கும். முதல் ஐந்தாறு பெயர்களை இரண்டு பாட்டிலிலும் ஒப்பிடுங்கள். ஆனால் பட்டியல் வரிசையைச் சொல்லும், அளவைச் சொல்லாது. அழுக்கை நீக்கி நுரை தரும் சோடியம் லாரெத் சல்ஃபேட், அடுத்து அதே வேலை செய்யும் கோகமிடோப்ரோப்பைல் பீட்டைன் என்று இரண்டிலும் ஒரே வரிசை இருக்கலாம், ஆனால் விகிதம் மாறினால் ஒன்று முடியை வறட்டும், இன்னொன்று வறட்டாது. பட்டியல் ஒத்துப்போனால் சிறிய பாட்டில் ஒன்று வாங்கிப் பார்க்கலாம், அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது. அப்புறம், கெட்டியாக இருந்தால் நல்ல சரக்கு என்று பலர் நம்புகிறார்கள். லாரெத் சல்ஃபேட் ஷாம்புவில் சாதாரண உப்பைக் கொஞ்சம் சேர்த்தாலே கெட்டியாகிவிடும். கெட்டியை வைத்துத் தரத்தை எடை போடாதீர்கள்.

நீலாம்பரி:
செண்பகம் அக்கா, மகளைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். எனக்குக் கையிலும் கழுத்திலும் அரிப்பு வந்தது விலை கூடிய, பெயர்பெற்ற ஒரு லோஷனால். தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருட்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்து, க்ரீம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். 2013-இல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் ஒன்று அதையே அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. கழுவாமல் தோலில் விட்டுவைக்கும் பொருட்களில் ஐரோப்பிய ஒன்றியம் பிறகு அதைத் தடை செய்துவிட்டது. இப்போது நான் போடுவது வாசனையில்லாத ஒரு கடை பிராண்டு க்ரீம், எந்தத் தொந்தரவும் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். "மணமற்றது" என்று போட்டிருந்தாலும், மூலப்பொருளின் வாடையை மறைக்க வாசனை சேர்த்திருக்கலாம். "வாசனை சேர்க்கப்படாதது" என்பதைத் தேடுங்கள், பட்டியலில் 'பர்ஃப்யூம்' இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தாமரைக்கண்ணன்:
ரேசரை யாரும் சொல்லவில்லை. கடை பிராண்டு பிளேடு எனக்குச் சரிப்படவில்லை, இழுக்கிறது, சீக்கிரம் மழுங்குகிறது. ஷேவிங் க்ரீம், பஞ்சுக் குச்சி இவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. பிளேடுக்கு மட்டும் பழைய பிராண்டுக்கே திரும்பிவிட்டேன்.

செண்பகம்:
எல்லோருக்கும் நன்றி. பாரி அண்ணா, சன்ஸ்க்ரீனைப் பற்றி நீங்கள் சொல்லவில்லையே? மகளுக்குப் புதியதை எப்படிச் சோதிப்பது?

லேப்_பாரி:
சன்ஸ்க்ரீனுக்குத் தனியாக எழுதலாம் என்று விட்டுவைத்தேன். வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளின் பெயரை மட்டும் ஒப்பிட்டால் அங்கே போதாது. அப்படி ஒரு பொருளான அவோபென்சோன் வெயிலில் தானே சிதையக்கூடியது, ஆக்டோக்ரிலீன் போன்ற ஒன்று அதைத் தாங்கிப்பிடிக்க வேண்டும். க்ரீம் தோலில் சீராகப் பரவவும் வேண்டும். அதனால் எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு எண்) 30-க்குக் குறையாமல், புறஊதா ஏ, பி இரண்டையும் தடுக்கும் என்று போட்டிருப்பதை மட்டும் எடுங்கள். அப்படி இருந்தால் கடை பிராண்டும் சரிதான். இன்னொரு பக்கமும் இருக்கிறது. எஸ்பிஎஃப் எண்ணை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அளக்கிறார்கள். நாம் பூசுவது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. விலை கூடியது என்று துளித்துளியாகத் தொட்டு வைத்தால் பாட்டிலில் போட்ட எண் உங்களுக்குக் கிடைக்காது. தாராளமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூசக் கட்டுப்படியாகும் ஒன்றையே வாங்குங்கள்.

மகளுக்குப் புதிதாக எது வாங்கினாலும், முழங்கையின் உட்புறத்தில் நாணய அளவு இடத்தில் தினம் இருமுறை, 7 முதல் 10 நாள் வரை பூசிப் பாருங்கள். சிவப்போ அரிப்போ வந்தால் உடனே கழுவிவிட்டு அதை ஒதுக்கிவிடுங்கள். நீலாம்பரி போட்ட மாதிரி பேட்ச் டெஸ்ட்டை மருத்துவரிடம் செய்துகொண்டால் எந்தப் பொருள் என்றே பெயர் தெரிந்துவிடும், பிறகு எந்தக் கடையிலும் பட்டியலைப் பார்த்து வாங்கலாம். ஒத்துப்போன பாட்டில் தீர்ந்து அடுத்ததை எடுக்கும்போதும் பட்டியலை ஒருமுறை படியுங்கள். தயாரிப்பாளரை மாற்றிவிட்டு முன்பக்கத்தை அப்படியே வைத்திருப்பது நடக்கிற காரியம்தான்.