சாலையில் யாரோ விட்டுப்போன காரை டிராக்டரில் இழுத்துப் போடலாமா?

மண்பாதை:
எங்கள் தோட்டத்துக்குப் போகும் சாலை ஒரு வண்டி போகிற அகலம்தான். அதில் வளைவு தாண்டியதும் யாரோ ஒரு காரை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பழுதாகி நிற்கிறது, ஆள் வந்து எடுத்துக்கொள்வார் என்றுதான் முதலில் நினைத்தோம். இப்போது நம்பர் பிளேட்டைக் காணோம், ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது, டயரில் காற்றும் இல்லை. விளக்கில்லாத சாலை, இரவில் கிட்டே வரும்வரை கார் நிற்பதே தெரியாது. உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டால் காவல் நிலையத்துக்குப் போகச் சொல்கிறார்கள், அங்கே போனால் சாலை யாருடையதோ அவர்கள்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். டிராக்டரில் சங்கிலி கட்டி ஓரமாக இழுத்துவிடலாம் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். செய்யலாமா?

கரைமேடு:
தயவுசெய்து இழுக்காதீர்கள். நம்பர் பிளேட்டைக் கழற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம், ஏதாவது குற்றத்துக்குப் பயன்பட்டதாகவும் இருக்கலாம். நீங்கள் தொட்டு நகர்த்தினால் தடயம் கெடும், நாளைக்கு உரிமையாளர் வந்து சேதத்துக்கு உங்களைக் கேட்பார்.

பிளேட் இல்லாவிட்டாலும் சேசிஸ் எண், அதாவது வண்டியைத் தயாரிக்கும்போதே பதிக்கும் அடையாள எண், இருக்கும். பல கார்களில் முன் கண்ணாடியின் கீழ் மூலையில், வெளியே நின்றே படிக்கிற மாதிரி பதித்திருப்பார்கள். எழுத்தும் எண்ணும் கலந்து 17 இருக்கும். அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது, அதனால் வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்ஜியம்தான். “ஒரு கார் நிற்கிறது” என்று சொல்வதற்கும் இந்த எண்ணோடு எழுதிக் கொடுப்பதற்கும் நிறைய வித்தியாசம். எண் கையில் இருந்தால் வண்டி திருட்டுப் போனதா, கடைசியாக யார் பெயரில் இருந்தது என்று காவல் நிலையத்தில் உடனே தேட முடியும்.

கிரீஸ்கை:
மெக்கானிக்காகச் சொல்கிறேன், சங்கிலி யோசனையே வேண்டாம். கார் கியரிலோ கைபிரேக்கிலோ நிற்கும், சக்கரம் சுற்றாது. கண்ட இடத்தில் கொக்கி மாட்டி இழுத்தால் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி கிழிந்து மொத்தமும் மண்ணில் ஊற்றும். பக்கத்தில் கிணறோ வாய்க்காலோ இருந்தால் அது எங்கே போய்ச் சேரும் என்று யோசியுங்கள்.

ரேடியேட்டர் கூலன்ட், அதாவது இன்ஜின் சூடாகாமல் இருக்க ஊற்றும் திரவம், அதைவிட மோசம். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் ஆடும் நக்கிக் குடித்துவிட்டு சிறுநீரகம் கெட்டுச் சாகும். காருக்கு அடியில் பச்சையாகவோ சிவப்பாகவோ ஈரம் தெரிந்தால் மண்ணை அள்ளிப்போட்டு மூடி, கால்நடைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பேட்டரியில் ஈயமும் கந்தக அமிலமும், ஏர்பேக்கில் வெடிமருந்தும் இருக்கிறது, அதனால் பிள்ளைகள் உள்ளே ஏறி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் காய்ந்த புல் இருந்தால் வெட்டிவிடுங்கள், இப்படி நிற்கிற வண்டிக்குத் தீ வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

வளைவுச்சாலை:
இரண்டு அலுவலகமும் உங்களை மாற்றி மாற்றி அனுப்புவதற்குக் காரணம் நீங்கள் வாயால் கேட்பதுதான். ஒரே கடிதமாக எழுதி, சாலையைப் பராமரிக்கிறவர்களுக்கும் காவல் நிலையத்துக்கும் சேர்த்தே அனுப்புங்கள், யார் யாருக்கு நகல் போகிறது என்பதை அதிலேயே குறிப்பிடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அசிங்கமாக இருக்கிறது என்று எழுதினால் கிடப்பில் போடுவார்கள். வளைவில் பார்வையை மறைக்கிறது, ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நுழைய முடியாது என்று எழுதுங்கள். தேதி தெரிகிற படங்கள் இரண்டு மூன்று வெவ்வேறு நாளில் எடுத்து இணைத்தால் வண்டி நகரவே இல்லை என்பதும் தெரிந்துவிடும். முதலில் கார் நிற்கும் இடம் சாலை எல்லைக்குள்தானா என்று பாருங்கள், தனியார் நிலம் என்றால் நில உரிமையாளர் தான் புகார் கொடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், புகார் கொடுத்ததும் அன்றே எடுத்துவிட மாட்டார்கள். பெரும்பாலும் வண்டியில் நோட்டீஸ் ஒட்டி, உரிமையாளருக்குத் தகவல் அனுப்பி, அவகாசம் கொடுத்த பிறகுதான் அகற்றுவார்கள். அதுவரை வளைவுக்கு முன்பே இரு பக்கமும் ஒளி பிரதிபலிக்கும் பலகையோ முக்கோணமோ வைக்க முடியுமா என்று கேளுங்கள். காரை எடுப்பதைவிட எனக்கு இதுதான் அவசரமாகத் தெரிகிறது.

மண்பாதை:
எல்லோருக்கும் நன்றி. கண்ணாடியில் புழுதியைத் துடைத்ததும் எண் தெளிவாகத் தெரிந்தது, படம் எடுத்துவிட்டேன். அடியில் பச்சையாக ஈரம் இருக்கிறது, மண் போட்டு மூடிவிட்டு ஆடு மேய்க்கிறவர்களிடமும் சொல்லிவிட்டேன். கடிதம் நாளைக் காலையில் கொடுக்கிறேன், பலகைக்கும் அதிலேயே கேட்டிருக்கிறேன்.