வாடகை வீட்டு ப்ரீபெய்டு மீட்டர்: ஊரில் இல்லாத நாளிலும் காசு குறைகிறதே, ஏன்?

பாகலூர் ரோடு, ஓசூர்:

வணக்கம். மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். மாடியில் மொத்தம் நான்கு போர்ஷன், நான்குக்கும் சேர்த்து ஒரே ஈபி இணைப்பு. முன்பெல்லாம் ஓனர் பில் வந்ததும் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார். போன மாதம் ஒவ்வொரு போர்ஷனுக்கும் ப்ரீபெய்டு மீட்டர் மாட்டிவிட்டார். ஜிபேயில் பணம் அனுப்பினால் அவர் போனிலிருந்தே ரீசார்ஜ் செய்துவிடுகிறார்.

500 ரூபாய் போட்டால் பதினாறு, பதினேழு நாள்தான் வருகிறது. ஏசி கிடையாது. சின்ன பிரிட்ஜ், இரண்டு ஃபேன், டிவி, காலையில் கொஞ்ச நேரம் கீசர், அவ்வளவுதான். திருவிழாவுக்குப் பாலக்கோடு போனபோது பிரிட்ஜைக்கூட அணைத்துவிட்டுத்தான் போனோம். வந்து பார்த்தால் பேலன்ஸ் குறைந்திருக்கிறது. இன்னொரு தொல்லை, கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒன்றாக ஓடினால் பேலன்ஸ் இருக்கும்போதே கரண்ட் போய், சில நிமிடத்தில் தானாக வருகிறது.

பாலக்கோட்டில் மாமியார் வீட்டில் நூறு யூனிட்டுக்குள் முடிந்துவிடுவதால் பல தடவை பில்லே வராது. அந்த 100 யூனிட் இலவசம் எங்களுக்குக் கிடையாதா? மீட்டர் கெட்டுப்போயிருக்கிறதா, வேறு ஏதாவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வயரிங் வேலை, காவேரிப்பட்டணம்:

அக்கா, ஓனர் போனிலிருந்து ரீசார்ஜ் ஆகிறது என்றாலே அது ஈபி மீட்டர் இல்லை, சப் மீட்டர். ஈபி மீட்டர் கீழே சீல் வைத்து, சர்வீஸ் நம்பர் எழுதி இருக்கும். உங்கள் மீட்டரில் யூனிட்டுக்கு எவ்வளவு, தினமும் எவ்வளவு என்பதெல்லாம் ஓனர் செட் செய்து வைப்பது. அதனால் மீட்டர் கெட்டதா என்று பார்ப்பதற்கு முன்னால் என்ன செட் செய்திருக்கிறார் என்று கண்டுபிடியுங்கள்.

மீட்டரில் உள்ள பட்டனை அமுக்கினால் திரையில் ஒவ்வொன்றாக வரும்: பேலன்ஸ் ரூபாய், மொத்த யூனிட், அந்த நேரத்தில் இழுக்கும் லோடு. இரவு படுக்கும்போது உங்கள் போர்ஷன் மெயினை அணைத்துவிட்டு பேலன்ஸ், யூனிட் இரண்டையும் போட்டோ எடுங்கள். காலையில் மெயின் போடுவதற்கு முன் இன்னொரு போட்டோ. யூனிட் நகராமல் காசு மட்டும் குறைந்திருந்தால் தினசரிப் பிடித்தம் வைத்திருக்கிறார்கள். யூனிட்டும் நகர்ந்திருந்தால் மீட்டருக்கும் உங்கள் மெயினுக்கும் நடுவில் யாரோ ஒரு லைன் எடுத்திருக்கிறார்கள், மாடிப்படி லைட்டாக இருக்கலாம், மோட்டாராகவும் இருக்கலாம். சிவப்பு விளக்கையும் கவனியுங்கள். முகப்பில் 3200 இம்பல்ஸ் என்று அச்சடித்திருந்தால் அது 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். மெயின் அணைந்த பிறகும் விடாமல் சிமிட்டக் கூடாது.

கரண்ட் போய் வருவது லோடு லிமிட்டால். கீசர் 2000 வாட், இண்டக்‌ஷன் கிட்டத்தட்ட அதே அளவு. லிமிட் 3 கிலோவாட் என்று வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்ததும் மீட்டர் கட் செய்து, கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பக் கொடுக்கும். லிமிட்டை ஏற்றச் சொல்லாதீர்கள் அக்கா. வயர் அதைத் தாங்குமா என்று பார்க்காமல் ஏற்றினால் வயர் சூடாகி உருகும். ஒன்று முடிந்து இன்னொன்றைப் போடுங்கள். மீட்டரைத் திறந்து பார்க்கவும் வேண்டாம்.

ஈபி கணக்கீட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு, தர்மபுரி:

அம்மா, 100 யூனிட் இலவசம் இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. நான்கு குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால் நால்வருக்கும் சேர்த்து ஒரே நூறுதான்.

உங்கள் ரீசார்ஜ் கணக்கைப் பார்த்தால் இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் வாக்கில் செலவு செய்வீர்கள் என்று நினைக்கிறேன். 2024 ஜூலைக் கட்டணப்படி தனி இணைப்பாக இருந்தால் முதல் 100 போக மீதி 50 யூனிட்டுக்கு 2.35 வீதம் 117 ரூபாய் 50 காசு. இதே அளவில் நான்கு போர்ஷனும் ஒரே இணைப்பில் ஓடினால் 600 யூனிட். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகையே கிடையாது. 101 முதல் 400 வரை 4.70, அடுத்த நூறு 6.30, அதற்கடுத்த நூறு 8.40. கூட்டினால் 1410, 630, 840, ஆக 2880 ரூபாய். ஆளுக்கு 720. ஒரே கரண்ட், ஆனால் ஆறு மடங்கு. 500 யூனிட்டுக்கு 1805 ரூபாய், 501 யூனிட்டுக்கு 2048 ரூபாய் 40 காசு என்று ஆகும் இடம் அது. எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன்.

இருந்தாலும் ஓனருக்கு ஆகும் சராசரி யூனிட்டுக்கு 4.80தான். உங்கள் மீட்டரில் என்ன விலை ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சிப்காட் ஷிஃப்ட், ஓசூர்:

எங்கள் பில்டிங்கிலும் இதே கதைதான். மோட்டார், மாடிப்படி லைட் செலவு என்று தினமும் கழிகிறது. வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழியும். இதில் எனக்கு ஒரு சந்தேகம் சார்: கரண்ட்டுக்கு டெபாசிட் வேறு வாங்கியிருக்கிறார். முன்பணம் கட்டும் மீட்டருக்கு டெபாசிட் எதற்கு?

ஈபி கணக்கீட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு, தர்மபுரி:

தம்பி, 2003 மின்சாரச் சட்டம் 47(5) பிரிவு, முன்கட்டண மீட்டருக்குச் சம்மதிப்பவரிடம் கரண்ட் பாக்கிக்கான டெபாசிட் கேட்கக் கூடாது என்கிறது. ஆனால் அது மின் விநியோக நிறுவனத்துக்கு. ஓனரிடம் அதே நியாயத்தைப் பேசிப் பார்க்கலாம், சட்டமாகக் காட்ட முடியாது.

பாகலூர் ரோடு, ஓசூர்:

வயரிங் தம்பி சொன்னபடி செய்து பார்த்தேன். ராத்திரி மெயின் அணைத்திருந்தபோது யூனிட் அப்படியே இருந்தது, 10 ரூபாய் குறைந்திருந்தது. அடுத்து ஒரு நாள் முழுக்க வழக்கம்போல் ஓடவிட்டுப் பார்த்தேன். 2.5 யூனிட், 30 ரூபாய். பத்து போக இருபது, அப்படியானால் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று சரியாக வருகிறது. இரண்டு மாதத்துக்கு 1800 ரூபாய்! ஓனரிடம் எப்படிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை, நல்ல மனிதர்.

ஈபி கணக்கீட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு, தர்மபுரி:

நல்ல மனிதர் என்றால் கணக்கை எழுதிக் காட்டுங்கள், சண்டை வேண்டாம். தினம் பத்து என்றால் நான்கு போர்ஷனுக்கு இரண்டு மாதத்தில் 2400 ரூபாய். தொட்டிக்கு ஏற்றும் ஒரு எச்பி மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடினாலும் மாதம் முப்பது யூனிட்தான். மாடிப்படியில் மூன்று 9 வாட் எல்ஈடி ராத்திரி முழுக்க எரிந்தால் மாதம் பத்து யூனிட். இரண்டு மாதத்துக்கு மொத்தம் 80 யூனிட், 8.40 போட்டாலும் 672 ரூபாய். மீதி எதற்கு என்று தன்மையாகக் கேளுங்கள். பில்லையும் காட்டச் சொல்லுங்கள்.

தனி வாசல், தனிச் சமையலறை என்று பிரிந்த போர்ஷன்தானா? அப்படியானால் தனி இணைப்புக்கு அவர் பெயரில் விண்ணப்பிக்க முடியுமா என்று பிரிவு அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். ஈபி பக்கத்து விவரத்துக்கு மின்னகம் 94987 94987. சப் மீட்டருக்கு அவர்கள் பொறுப்பில்லை.

பாகலூர் ரோடு, ஓசூர்:

பேசிவிட்டோம் ஐயா. பத்து ரூபாயில் தண்ணீர் லாரியும் பெருக்கும் அம்மாவின் சம்பளமும் சேர்ந்திருக்கிறதாம். அதை வாடகையோடு தனியாக எழுதிக்கொள்கிறேன், கரண்ட்டில் கழிக்க மாட்டேன் என்றார். யூனிட் விலையை அடுத்த பில் வந்ததும் பார்த்துக் குறைக்கிறாராம். தனி இணைப்புக்கு மட்டும் இப்போது மனமில்லை.

ஈபி கணக்கீட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு, தர்மபுரி:

சரி அம்மா. அப்படியானால் ரீடிங் எடுக்க வரும் தேதியை ஓனரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கே நான்கு சப் மீட்டர் யூனிட்டையும் நால்வரும் எழுதி வையுங்கள். நான்கின் கூட்டுத்தொகையும் ஈபி பில்லில் உள்ள யூனிட்டும் கிட்டத்தட்ட ஒத்துவர வேண்டும், மோட்டாரும் மாடிப்படி விளக்கும்தான் வித்தியாசமாக இருக்க முடியும். பெரிதாக இடித்தால் இங்கேயே எழுதுங்கள், பார்ப்போம்.