நிலத்தைச் சும்மா விட்டால் காடு தானாக வந்துவிடுமா?

கேள்வி: ரீவைல்டிங் என்றால் மரம் நடாமல், களை எடுக்காமல் இயற்கையிடமே விட்டுவிடுவது என்கிறார்கள். அப்படியென்றால் வேலி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா?

பதில் 1: இல்லை. மேய்ச்சல், ஓநாய் போன்ற விலங்குகளின் வேட்டை, வெள்ளம் என்று நின்றுபோன இயக்கங்களை மறுபடி ஓடவிடுவதுதான் விஷயம், அதற்கு முதலில் நிறைய வேலை இருக்கும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்களை 1920களிலேயே ஒழித்துவிட்டார்கள், எல்க் என்ற பெரிய மான்கள் ஆற்றோர வில்லோ மரங்களின் தளிர்களை மேய்ந்து வளரவே விடவில்லை, அப்புறம் 1995-96ல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள்.

பதில் 2: ஓநாய் வந்ததும் எல்க் குறைந்து, வில்லோ வளர்ந்து, ஆறே மாறியது என்று ஒரு கதை சொல்வார்கள், அதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். எல்க் குறைந்ததில் கரடி, பூமா, மனிதர்கள் ஆடும் வேட்டைக்கும் பங்கு உண்டு. ஓடைகளில் மரக்கிளைகளால் அணை கட்டும் பீவர் என்ற விலங்குகள் போனதால் அணையில்லாமல் ஆழமாக அரித்துப்போன ஓடைகளில் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது, அங்கெல்லாம் வில்லோ பழையபடி மீளவில்லை.

பதில் 3: வேலி பற்றிக் கேட்டீர்களே, நெதர்லாந்தின் ஊஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் இயற்கைக் காப்பகத்தைப் பாருங்கள். மாடு, குதிரை, சிவப்பு மான் எல்லாம் வேலிக்குள், ஓநாயும் இல்லை, வெளியேற வழியும் இல்லை. 2017-18 குளிர்காலத்தில் 3,000க்கும் மேல் செத்தன, அதில் பெரும்பாலானவை பட்டினியில் துடிக்காமல் இருக்கச் சுடப்பட்டவை.

கேட்டவர்: சரி, வேலி யோசனை வாபஸ். பீவரிலிருந்து படிக்க ஆரம்பிக்கிறேன்.