சொந்தக் கொம்பனியா, வாசலில் ஒரு பெயர்ப் பலகையா?

ஹவ்லொக்_டவுன்:
என்ர கூட்டாளி ஒருத்தன் தமிழில ரப் பாடுறவன். பாட்டும் படமும் தயாரிக்க பிரைவேட் லிமிட்டட் ஒண்டு பதியப் போறானாம். கேட்டால் அமெரிக்கப் பாடகி பியோன்சேயைக் காட்டுறான். பார்க்வூட் எண்ட சொந்தக் கொம்பனியை வைச்சுக்கொண்டு 2013 டிசம்பரில ஒரு விளம்பரமும் இல்லாமல் 14 பாட்டையும் 17 வீடியோவையும் ஒரே இரவில இறக்கினவ. 2023இல சுற்றுப்பயணப் படத்தை ஹொலிவூட் ஸ்டூடியோவிட்டப் போகாமல் ஏஎம்சி தியேட்டர்காரரோட நேரடியாப் பேசி வெளியிட்டவ. அதே வருசம் டெய்லர் சுவிஃப்டும் அப்பிடித்தான். அவன் செய்யிறது சரி எண்டுதான் எனக்குப் படுது. பாட்டு ஆற்றயோ பெட்டிக்குள்ள கிடக்கிறதை விடத் தன்ர கையில இருக்கட்டுமே. என்ன சொல்லுறியள்?

கணக்குப்பிள்ளை:
பாதிக் கதையைத்தான் உங்கட கூட்டாளி வாசிச்சிருக்கிறார், தம்பி. பார்க்வூட் தயாரிக்கிற அல்பத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது ஆர்? சோனியின்ர கொலம்பியா எண்ட பாட்டுக் கொம்பனி. ஏஎம்சி ஏன் கதவைத் திறந்தது? டிக்கெட் விக்கும் எண்டு முதலே தெரியும். பெயர் முதல் வந்தது, கொம்பனி பிறகு வந்தது. இவர் தலைகீழாத் தொடங்கப் பாக்கிறார்.

மடோனாவின்ர மாவெரிக்கைப் பாருங்கோ. 1992இல டைம் வோர்னரோட கூட்டாத் தொடங்கினது. பாட்டு, படம், புத்தகம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. காசு வோர்னரின்ர, முகம் மடோனாவின்ர. 2004இல என்ன நடந்தது? கணக்கில குளறுபடி எண்டு மாவெரிக் வழக்குப் போட, நட்டத்தில ஓடுற கொம்பனி எண்டு வோர்னர் திருப்பிச் சொல்ல, கடைசியில மடோனாவின்ர பங்கையும் வோர்னரே வாங்கிப் போட்டுது. காசு போட்டவன்தான் வீட்டுக்காரன். மற்றவை வாடகைக்கு இருக்கிறவை.

கொட்டாஞ்சேனைப்பெடியன்:
அண்ணே, முடிவ மட்டும் சொல்றீங்க, நடுவுல நடந்தத விட்டுட்டீங்க. 1995ல அலனிஸ் மொரிசெட்டோட அல்பத்த வெளியிட்டது யாரு? இதே மாவெரிக். 21 வயசுப் புள்ள, கனடாவுக்கு வெளிய யாருக்கும் தெரியாது. அந்த அல்பம் உலகம் முழுக்க 3 கோடிக்கு மேல வித்துச்சு. பாட்டு வெளியிடுற பெரிய லேபல்காரங்க காது குடுக்காத ஒருத்தருக்கு இன்னொரு பாடகியோட கம்பனி கதவத் தொறந்துச்சே, அது சும்மாவா?

கணக்குப்பிள்ளை:
தம்பி, அது பாட்டுப் பக்கம். படப் பக்கத்தில அப்பிடி ஒண்டைச் சொல்லுங்கோ பாப்பம். மாவெரிக் படத்தில உழைச்சது எண்டு ஆரும் பெருமையாச் சொல்லி நான் கேட்கேல்லை.

பேஸ்_கிட்டார்:
நான் கிட்டார் வாசிக்கிறவன். என்ர பக்கத்தையும் ஒருக்கால் கேளுங்கோ. 'ஆர்ட்டிஸ்ட்டின்ர சொந்தக் கொம்பனி' எண்டதும் எல்லாரும் விடுதலை எண்டு கைதட்டுறியள். ஆருக்கு விடுதலை? கொழும்பில ஒரு பாடகர் கொம்பனி தொடங்கினார், பெயர் வேண்டாம். மூண்டு பாட்டுக்கு வாசிச்சன். 'அடுத்த முறை சேர்த்துத் தாறன் மச்சான்' எண்டார். அடுத்த முறை வந்தது, வேற கிட்டார்காரனோட. லேபல்காரன் எண்டால் ஒரு கடுதாசியாவது தருவான். கூட்டாளி முதலாளி ஆனால் அதுவும் இல்லை. கேட்டால் நட்பு கெட்டுப்போகுமாம்.

எங்கட மாயா, அதுதான் எம்.ஐ.ஏ. எண்ட லண்டன் ரப் பாடகி, 2008இல நீட் எண்டு சொந்த லேபல் தொடங்கினவ. அதுவும் இன்டர்ஸ்கோப் எண்ட பெரிய லேபலுக்குக் கீழதான். ஆனால் மற்றப் பெடியளையும் அதுக்குள்ள கூட்டிக்கொண்டு வந்தவ. ரை ரை எண்ட ரப் பாடகி அப்பிடி வந்தவதான். இப்ப பதியப் போற கொம்பனியில கூட்டாளியைத் தவிர வேற ஆர் இருக்கினம்? அதைச் சொல்லுங்கோ முதல்.

ஹவ்லொக்_டவுன்:
இப்போதைக்கு அவனும் அவன்ர அண்ணாவும். படத்துக்கான காசை வீட்டை ஈடு வைச்சு எடுக்கிற யோசனையும் இருக்கு.

57ஆம்_ஒழுங்கை_அக்கா:
ஐயோ! வீட்டை ஈடு வைக்கிற கதையைக் கடைசியிலயா சொல்லுறது?

வீட்டை ஈடு வைச்சுப் படம் எடுத்து வெண்டவர் ஒருத்தர் இருக்கிறார், பீட்டில்ஸ் ஜோர்ஜ் ஹரிசன். மொன்ரி பைத்தன் எண்ட நகைச்சுவைக் குழு ஆக்களின்ர 'லைஃப் ஒஃப் பிரையன்' படத்திலயிருந்து காசு போட இருந்த ஈஎம்ஐ கொம்பனி கடைசி நேரத்தில கழண்டுபோக, 1978இல ஹான்ட்மேட் ஃபிலிம்ஸ் எண்டு கொம்பனி தொடங்கித் தன்ர மாளிகையையே ஈடு வைச்சவர். படம் நல்லா ஓடினது. கொஞ்சக் காலம் நல்ல படங்களும் எடுத்தினம். பிறகு 1986இல மடோனாவையும் சோன் பென்னையும் வைச்சு எடுத்த 'ஷங்ஹாய் சர்ப்ரைஸ்' மண் கவ்வினது. (கணக்குப்பிள்ளை அண்ணா, மாவெரிக்குக்கு முதலே மடோனா ஒரு பாடகரின்ர படக் கொம்பனியை முழுகடிச்சுப் பழகியிருக்கிறா!) 1994இல கொம்பனி கைமாறிப் போச்சு. அதுக்கும் மேல, தன்ர மனேஜராயும் கொம்பனிப் பங்காளியாயும் இருந்த டெனிஸ் ஓ'பிரையன் மேல ஹரிசன் வழக்குப் போட வேண்டி வந்தது. 1996இல நீதிமன்றம் 1 கோடியே 16 லட்சம் டொலர் குடுக்கச் சொன்னது.

பீட்டில்ஸ்காரருக்கே மாளிகையை வைச்ச பிறகு இந்தக் கதி. வெள்ளவத்தையில ஒரு வீட்டை வைச்சால் அம்மா எங்க போறது?

கொட்டாஞ்சேனைப்பெடியன்:
அக்கா, அப்படிப் பாத்தா யாரும் ஒண்ணுமே தொடங்க முடியாது. ரஹ்மான் சார் ஒய்எம் மூவீஸ் வெச்சுத் தானே கதை எழுதிப் படம் தயாரிச்சு 2021ல வெளியிடலையா?

57ஆம்_ஒழுங்கை_அக்கா:
அதுக்கு முதல் எத்தினை வருசம் பாட்டில உழைச்சவர் தம்பி?

கணக்குப்பிள்ளை:
நான் ஒண்டும் தொடங்க வேண்டாம் எண்டு சொல்லேல்லை. தொழிலா இதைத்தான் பாக்கிறன், அதால சொல்லுறன். பாட்டுக்கும் படத்துக்கும் ஒரே கொம்பனி வேண்டாம். பாட்டு, சின்னச் செலவில செய்து நீண்ட காலம் கொஞ்சங் கொஞ்சமாக் காசு வாற சாமான். படம் முழுக் காசையும் முதலிலயே விழுங்கும். பிறகு கொழும்புத் தியேட்டரில சென்னைப் படத்தோட மல்லுக்கட்ட வேணும். இரண்டும் ஒரே கொம்பனி எண்டால், படம் விழுற அண்டைக்குப் பாட்டின்ர உரிமையும் கடன்காரனிட்டப் போகலாம். 2007 கொம்பனிச் சட்டத்தில ஒரே ஆள் பங்குதாரராய் இருந்தும் கொம்பனி பதியலாம். எண்டபடியால் இரண்டு பதியிறது பெரிய வேலை இல்லை. 'லிமிட்டட்' எண்டு எழுதினால் வீடு தப்பும் எண்டும் நினைக்க வேண்டாம். பாங்கில பணிப்பாளரின்ர சொந்தக் கையெழுத்தைப் பிணையாக் கேட்பாங்கள்.

டெய்லர் சுவிஃப்டின்ர முதல் ஆறு அல்பத்தின்ர மாஸ்டரும், அதாவது மூல ஒலிப்பதிவும், 2019இல கைமாறிப் போனதே. அதில நாலை மீளப் பாடிப் பதிஞ்சு, கடைசியில 2025இலதான் விலை குடுத்துத் திருப்பி எடுத்தவ. உங்கட கூட்டாளிக்கு அந்தப் பயம் இருந்தால் நல்லம். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து படக் கொம்பனி இல்லை, பாட்டுக்கு ஒழுங்கான ஒப்பந்தம்.

ஹவ்லொக்_டவுன்:
அவனுக்கு இந்தத் திரியை அனுப்பினன். பாட்டுக்கு மட்டும் இப்ப பதியிறானாம், வீட்டுப் பத்திரத்தை அண்ணா தரமாட்டாராம். ஆனால் படத்தை விடமாட்டானாம், 20 நிமிசக் குறும்படமா எடுத்து யூடியூப்பில போடப் போறானாம்.

கொட்டாஞ்சேனைப்பெடியன்:
நல்லது. கெமராவுக்கு நான் வாறேன், சொல்லுங்க.

பேஸ்_கிட்டார்:
வாறதெண்டால் கடுதாசி எழுதிப்போட்டு வா, மச்சான். எனக்கும் ஒண்டு அனுப்பச் சொல்லு. பாட்டுக்கு எவ்வளவு, எப்ப தருவினம், யூடியூப்பில காசு வந்தால் வாசிச்சவனுக்கு என்ன பங்கு எண்டு அதில இருக்க வேணும். இல்லையெண்டால் நான் வரேல்லை.