பதில்: 'அசைலம் சீக்கர்' என்பதற்குத் தமிழ் – என் சொல்லை நானே திரும்பப் பெறுகிறேன்

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாகக் கடையில் நிற்க நேரமில்லை. பாரிமுனையில் மனு தட்டச்சு செய்து பிழைப்பவனுக்கு, கோர்ட்டு லீவு முடிந்த வாரம்தான் தீபாவளி. அதனால் உங்கள் மடல்களை நேற்று ராத்திரிதான் படித்தேன். வேறு நாட்டில் பாதுகாப்புக் கேட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்தான் 'அசைலம் சீக்கர்'. நம் கலைச்சொல் பட்டியலில் அவருக்கு நான் கொடுத்த சொல் 'புகல்மனுதாரர்'.

> 'அடைக்கலம் தேடுவோர்' என்பதே ஈரமான சொல். கலைச்சொல்லில் கொஞ்சம் கருணை இருந்தால் குறைந்தா போகும்?

வில்லிவாக்கம் ஐயா எழுதியது. ஐயா, குறையாதுதான். ஆனால் என் கடையில் 'கருணை' எங்கெல்லாம் வருகிறது தெரியுமா? அப்பா இறந்தபின் பிள்ளை கேட்கும் 'கருணை அடிப்படையிலான பணி நியமனம்', தூக்குத் தண்டனைக் கைதியின் 'கருணை மனு', போனசோடு சேர்த்துத் தரும் 'கருணைத் தொகை'. மூன்றிலும் கொடுப்பவர் மனசுதான் பெரிது. கொடுத்தால் கும்பிடலாம், கொடுக்காவிட்டால் ஏன் என்று உரக்கக் கேட்க முடியாது. தமிழ் அரசாங்க மொழியில் கருணைக்கு அந்த வாடை ஏறிப் பல காலம் ஆகிறது.

2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகத்து அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இந்தியா என்ன தர்மசத்திரமா என்ற பொருளில் உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகக் கேட்டது. அன்று மாலையே டீக்கடை முதல் டிவி வரை இரண்டு கட்சி. ஒரு கட்சி 'மனிதாபிமானம் வேண்டாமா' என்றது. இன்னொன்று 'நமக்கே 140 கோடி வாய்' என்றது. கவனித்துப் பாருங்கள், இரண்டு பேரும் சத்திரக்காரனின் மனசைப் பற்றித்தான் பேசினார்கள். வாசலில் நிற்பவன் கையில் ஒரு காகிதம் இருக்கிறது, அதைப் படித்துப் பார்த்து ஆம், இல்லை என்று யாராவது சொல்லியாக வேண்டும் என்ற பேச்சே எழவில்லை. அதற்கு நம்மிடம் புழங்கும் சொற்களும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஏனென்றால் அசைலம் சீக்கர் என்ற சொல்லின் உயிரே அந்தக் காகிதம்தான். 1951 அகதிகள் உடன்படிக்கைப்படி ஒருவர் அகதியா என்பதை அவருக்கு நேர்ந்தது முடிவு செய்கிறது. அரசாங்கத்தின் முத்திரை அதை ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான். முத்திரை விழுந்ததால் ஒருவர் அகதி ஆவதில்லை. ஆக, இவர் 'இன்னும் அகதி ஆகாதவர்' இல்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர். அந்தக் காத்திருப்பு சொல்லில் தெரிய வேண்டும்.

நம் நாட்டில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். இந்தியா அந்த உடன்படிக்கையிலும் அதை விரிவாக்கிய 1967 நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை. 1946 வெளிநாட்டினர் சட்டத்தில் அகதிக்கென்று தனி வகை கிடையாது. அதன் இடத்தில் வந்த 2025 சட்டமும் அகதி யார் என்று வரையறுக்கவில்லை. குடியுரிமைச் சட்டத்தின் 2003 திருத்தத்தில் இருப்பது 'சட்டவிரோதக் குடியேறி'. 2019 திருத்தம் மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்தது. இலங்கை அந்த மூன்றில் இல்லை. 2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் அரிச்சல்முனையில் வந்து இறங்கி மண்டபம் முகாமில் உட்கார்ந்தவர்களை அப்போது பத்திரிகைகள் என்னவென்று எழுதுவது என்று தெரியாமல் திண்டாடியது இதனால்தான்.

சொல் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அது 1951 உடன்படிக்கையை ஏற்ற நாடு. ஆபத்துள்ள இடத்திலிருந்து நேரே வந்தவர் உடனே அதிகாரிகள் முன் வந்து தக்க காரணம் சொன்னால், அனுமதியின்றி நுழைந்தார் என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 31ஆம் பிரிவு. ஆனாலும் 2013இல் அன்றைய குடிவரவு அமைச்சர் ஸ்காட் மோரிசன், படகில் வருபவர்களைச் 'சட்டவிரோதமாக வந்தோர்' என்றே குறிப்பிடும்படி துறைக்குச் சொன்னார். சட்டத்தில் ஒரு வரி மாற்றவில்லை. பெயரை மாற்றினார், ஊர்ப் பேச்சு மாறிவிட்டது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

அகதிக்குப் பதிலாகச் சிலர் சொல்லும் 'ஏதிலி' எனக்கு ஒட்டவில்லை. குறளிலேயே ஏதிலார் என்றால் அயலார், பிறர். வாசலில் நிற்பவனை அயலான் என்று சொல்லிவிட்டு அப்புறம் என்ன விசாரணை? 'அகதி' கதியற்றவர் என்று பிரியும். 2021இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம்களை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியபோது இந்தச் சங்கடமும் பேசப்பட்டது. (காவாங்கரை நண்பர் சொன்னதுபோல, ஷேர் ஆட்டோவில் அது இன்னும் 'கேம்ப்'தான்.) பெயர் மாற்றம் நல்லெண்ணம்தான். ஆனால் அகதி என்ற சொல்லுக்குப் பன்னாட்டுச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது, மறுவாழ்வுக்கு அது இல்லை.

'புகல்' நல்ல வேர். புகுவதும் அதில் இருக்கிறது, சொல்லுவதும் இருக்கிறது. தன் கதையை அதிகாரி முன் சொல்லித்தானே ஒருவர் உள்ளே வர முடியும்! ஒரே தொல்லை, எங்கள் பக்கம் 'புகல்' என்றால் காதில் 'புழல்' என்று விழும். புழல் என்றால் ஜெயில். காவாங்கரை கேம்பும் அதே புழலில்தான்.

எனவேதான் போன மாதம் 'புகல்மனுதாரர்' என்று எழுதினேன். மனுதாரர் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சொல். மனு நிலுவையில் இருக்கிறது என்றால் விளக்கமே வேண்டாம். ஐயா அதில் தமிழ் இல்லை என்று 'புகல்வேண்டுநர்' கொடுத்தார். வேண்டுவது கோயிலில். அது மறுபடியும் கருணைக்கே கொண்டுபோய் விடும்.

ஆனால் மொழிபெயர்ப்பாளர் அம்மா ஒன்று சுட்டிக்காட்டினார்கள்: புலம்பெயர் ஈழத்தவர் பத்திரிகைகளில் ஏற்கெனவே 'புகலிடக் கோரிக்கையாளர்' இருக்கிறதே என்று. பேச்சில் 'அசைலம் அடித்தவர்' என்பார்களாம், அது தனி ருசி. முதலில் நீளம் என்று ஒதுக்கினேன். ராத்திரி படுத்தபின் 'கோரிக்கை' மண்டைக்குள் ஓடியது. பெரம்பூர் பக்கத்து ஆளுக்குக் கோரிக்கை எங்கே பழக்கம்? மில் வாசலில். 1918இல் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கட்டிய ஊர் இது. ஸ்டிரைக் நோட்டீசில் 'எங்கள் கோரிக்கைகள்' என்று போடுவார்கள். கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடலாம். கண்டுகொள்ளாமல் மட்டும் இருக்க முடியாது. மனுதாரர் கைகட்டி நிற்கிறார், கோரிக்கையாளர் நிமிர்ந்து நிற்கிறார். நான் தோற்றேன். 'இடம்' மட்டும் வேண்டாம், 'புகல் கோரிக்கையாளர்' போதும் என்று முன்மொழிகிறேன்.

பெயர் மேலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று என் பாட்டியிடம் பார்த்தவன் நான். பர்மாவில் நே வின் ராணுவ ஆட்சியில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடியேறியவர். காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்'. "நான் பொறந்ததே ரங்கூன்ல, எங்கேர்ந்துடா திரும்புனேன்?" என்று அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கிளறிக்கொண்டே திட்டுவார்.

இன்னொன்று: 'நான்-ரிஃபௌல்மென்ட்' (non-refoulement) என்பதற்கு நம் பட்டியலில் 'திருப்பி அனுப்பாமை' என்று இருக்கிறது. அது தப்பான எண்ணத்தைத் தரும். திருப்பி அனுப்புவதை எல்லாம் 1951 உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு தடுக்கவில்லை. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து உள்ள இடத்துக்கு அனுப்புவதைத்தான் தடுக்கிறது. 'ஆபத்துக்குள் அனுப்பாமை' என்று வெறுமனே போடலாம். அழகில்லைதான்.

அடுத்து 'டிடென்ஷன் சென்டர்' வருகிறது என்று பார்த்தேன். யாரும் 'சிறப்பு முகாம்' என்று எழுதிவிடாதீர்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க எங்கள் வார்டில் நடப்பதும் சிறப்பு முகாம்தான், திருச்சியில் ஆட்களை அடைத்து வைத்திருப்பதும் சிறப்பு முகாம்தான்.