விஷுவல் க்யூ, தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம்.

பக்கவாதம் வந்து திரும்ப நடக்கப் பழகுறவங்களுக்குத் தமிழ்ல ஒரு கையேடு தயார் பண்ணிட்டு இருக்கோம்னு சொன்னேன்ல, கிட்டத்தட்ட முடிஞ்சது, விஷுவல் க்யூ, அதாவது நடக்கும்போது காலை எங்க வைக்கணும்னு கண்ணுக்குக் காட்டுற அடையாளம் (தரையில ஒட்டுற டேப் மாதிரி), இந்த ஒரு சொல்லுலதான் மாட்டிக்கிட்டு நிக்குது. அப்படியே க்யூன்னே எழுதிடலாமேன்னு ஒரு அண்ணன் கேட்டிருந்தார். நம்மாளுங்களுக்கு க்யூன்னா ரேஷன் கடை வாசல்தான், அதனால வேண்டாம்.

> பார்வைத்தூண்டல்னு வச்சா என்ன?

அக்கா, இது படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பிசியோதெரபி அறைக்குள்ள எடுபடாது. பாதம் தூக்க முடியாம தொங்குறவங்களுக்கு நாங்க காலுக்குக் கரண்ட் வைப்போம், அதுக்கு மின்தூண்டல்னு பேர் ஏற்கனவே புழக்கத்துல வந்துடுச்சு. பக்கத்துலயே பார்வைத்தூண்டல்னு போட்டா கண்ணுக்கும் கரண்டான்னு கேப்பாங்க. அதைவிட முக்கியம், தூண்டல்னா நம்ம முயற்சி இல்லாமலே ஏதோ நடக்குதுங்கிற அர்த்தம் வருது. தரையில ஒட்டின டேப் யாரையும் தூண்டாது, காலை எங்க வைக்கணும்னு காட்டும், வைக்கிறது அவங்கதான்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு பாத்தா சொல் தானா வரும்னு நினைக்கிறேன். ஒரு பக்கம் பலவீனமானவங்க நிறைய பேருக்கு, கேட்டா ஆச்சரியமா இருக்கும், பலவீனமான கால் வைக்கிற எட்டுதான் நீளமா இருக்கும், நல்ல காலோட எட்டு குட்டையா இருக்கும், ஏன்னா நல்ல கால் காத்துல இருக்குற நேரம் முழுக்க உடம்பைத் தாங்க வேண்டியது பலவீனமான கால்தான், அதுல நிக்க பயம், அதனால நல்ல காலை அவசரமா பொத்துனு வச்சிடுவாங்க. இப்ப தரையில குறுக்கால, சம இடைவெளியில கலர் டேப் ஒட்டி கோட்டுக்குக் கோடு கால் வைக்கச் சொன்னா, நல்ல கால் தூரமாப் போயே ஆகணும், அதுக்குப் பலவீனமான கால் இன்னும் கொஞ்ச நேரம் நின்னே ஆகணும். "சமமா நடங்க"ன்னு வாயால நூறு தடவை சொல்றதை விட இது மேல்.

ஐடியா புதுசு இல்ல. பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தரையில குறுக்குக் கோடு உதவுதுன்னு லண்டன் நரம்பியல் மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1967லயே எழுதிட்டார். அப்புறம் நெதர்லாந்துல உருவான சி-மில்லுங்கிற டிரெட்மில்ல புரொஜெக்டர் வச்சு, ஓடுற பெல்ட் மேலயே வெளிச்சக் கட்டம் விழுற மாதிரி பண்ணிட்டாங்க. நமக்கு டேப் போதும், தரை டைல்ஸ் கலர்ல இருந்து நல்லா எடுப்பா தெரியணும், அவ்வளவுதான்.

> குறி = க்யூ. பார்வைக்குறி, ஒலிக்குறி, தொடுகுறி.

ஐயா, முதல் ரெண்டும் சரி, ஆனா தொடுகுறின்னா ஜோசியம், சகாதேவன் பேர்ல சாஸ்திரமே இருக்கு. குறிப்புன்னு நீட்டினா காலடிக் கோட்டுக்கு அடிக்குறிப்புன்னு யாராவது எழுதி வைப்பாங்க, அது புத்தகத்துப் பக்கத்துக்கு அடியில இருக்குறது. சமிக்ஞைன்னா டிராஃபிக் சிக்னல், அது எப்பப் போகணும்னு சொல்றது. எப்பங்கிற வேலை மெட்ரோனோம் (சீரா டிக் டிக்னு தாளம் போடுற கருவி) சத்தத்துக்குத்தான் பொருந்தும், 1990கள்ல அமெரிக்காவுல கொலராடோவுல மைக்கேல் தௌட் குழு அந்தத் தாளத்தை வச்சுப் பக்கவாதக்காரங்களை நடக்க வச்சுப் பாத்தாங்க. கோடு பிரதானமா எங்கன்னுதான் சொல்லும்.

அதனால என் ஓட்டு சுட்டுக்கு. பார்வைச்சுட்டு, ஒலிச்சுட்டு, தொடுசுட்டு. அது, இதுன்னு கைகாட்டுறதைச் சுட்டுன்னு இலக்கணத்துலயே சொல்றோம், இங்கயும் அதே வேலைதான். கையேட்டுல இப்படி வருது, பாருங்க: "பக்கவாதத்தால் இடப்பக்கப் பார்வையோ இடப்பக்கக் கவனமோ குறைந்தவருக்குப் பார்வைச்சுட்டு இடது ஓரம் வரை நீளவேண்டும், பழகப் பழகச் சுட்டுகளைக் குறைக்கவேண்டும்." கடைசி வரி ஏன்னா, கோடு இருந்தாதான் நடப்பேன்னு ஆயிடக்கூடாது, தெருவுல யாரும் டேப் ஒட்டி வைக்கப் போறதில்ல. குனிஞ்சே நடக்குற பழக்கமும் வந்துடும்.

ஆட்சேபணை இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, திங்கள் அச்சுக்குப் போகுது.

---

அண்ணை, வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன்.

எங்கட பக்கம் பாரிசவாதம் எண்டுதான் சொல்லுறது, அடைப்புக்குறிக்குள்ள அதையும் போட்டால் நல்லம். பார்வைச்சுட்டு எண்டு சேந்து வரேக்க எனக்குப் பிரச்சினை இல்லை, விளக்கமும் சரி. ஆனா சுட்டு எண்டு தனிய நிண்டால் இஞ்ச சனத்துக்குத் துவக்குத்தான் ஞாபகம் வரும், "சுட்டுகளைக் குறைக்கவேண்டும்" எண்ட வரியை ஒருக்கா சத்தமா வாசிச்சுப் பாருங்கோ. அந்த இடத்தில முழுச்சொல்லாவே எழுதுங்கோ. படத்துக்குக் கீழ வெறும் கோடு எண்டு போட்டாலே காணும், நோயாளிக்கு அதுதான் விளங்கும், பார்வைச்சுட்டு எங்களுக்கும் மாணவருக்கும் இருக்கட்டும்.

---

சரிம்மா, ரெண்டையும் மாத்திட்டேன், பாரிசவாதமும் சேத்தாச்சு. தொடுசுட்டுக்கு மட்டும் இன்னும் மனசு ஒப்பல, சூடான தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருக்குன்னு வீட்ல சொல்றாங்க. வேற ஏதாவது தோணுதா யாருக்காவது?